பதினைந்து வயதின் கதைகள்: முத்துமீனாட்சி முதல் வெக்கை வரை

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆங்கில நாவல்கள் நிறைய வாசிப்பான். எல்லாவற்றிலும் அவன் வயதுப் பையன்களும் பெண்களும்தான் கதாபாத்திரங்கள். நண்பன் செய்த குற்றத்தைச் சொல்வதா மறைப்பதா, தப்பென்று தெரிந்த கட்டளைக்குக் கீழ்ப்படிவதா மீறுவதா என்று ஏதாவது ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளைகள் நிற்பார்கள். பெரிய புத்தகக் கடைகளில் இதற்கு ‘யங் அடல்ட்’ என்று தனி அலமாரியே இருக்கிறது.

“தமிழ்ல இந்த மாதிரி எதுவும் கெடையாதா மாமா?” என்று ஒருநாள் கேட்டான்.

“கெடையாதுடே” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு உறுத்தியது. தமிழில் அந்த அலமாரி இல்லைதான். சிறுவர் கதைகள் இருக்கின்றன, பெரியவர்களுக்கான நாவல்கள் இருக்கின்றன, நடுவில் ஒரு பள்ளம். ஆனால் அலமாரி இல்லை என்பதால் புத்தகமும் இல்லை என்று ஆகிவிடாது. யோசித்துப் பார்த்தால், தமிழ் நாவல் பிறந்து இருபது வருஷங்களுக்குள்ளாகவே இந்தத் தாமிரபரணிக் கரையிலிருந்து போன ஒருவர் அப்படியொரு கதையை எழுதத் தொடங்கிவிட்டார். எண்பது, தொண்ணூறு வருஷம் கழித்து இதே ஜில்லாவின் வடக்கு மூலையிலிருந்து இன்னொருவரும் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. இந்த நாவல்களில் பிள்ளைகள் முடிவெடுக்க நேர்வது, வயது வந்துவிட்டதால் இல்லை. முடிவெடுக்கவேண்டிய பெரியவர்கள் எடுக்காமல் விட்டதால்தான்.

*

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றின் வடகரைப் பக்கம் பெருங்குளம் என்று ஓர் ஊர். நவதிருப்பதிகளில் ஒன்று. அ. மாதவையாவின் ஊர் அது. 1872-ல் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று பேசியபோது அங்கேயே உயிர் பிரிந்தது என்ற செய்தியை வைத்துத்தான் பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் வருவார்.

அவர் 1892-ல், இருபது வயதில், ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரை எழுத ஆரம்பித்தார். அது பாதியில் நின்றுபோனது. பதினோரு வருஷம் கழித்து, 1903-ல், ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் முழு நூலாக வந்தது. ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்லும் நாவல். சிறுவயதில் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை, கணவன் சாவு, கடைசியில் மறுமணம்.

இதில் கல்யாணம், கொடுமை, சாவு எல்லாம் அன்று பத்து வீட்டில் ஐந்தில் நடந்திருக்கக்கூடியவை. எனக்குப் பெரிதாகப் படுவது, கதையை அவளே சொல்கிறாள் என்பதுதான். அந்தக் காலத்து நீதிக் கதைகளில் பெண்பிள்ளைகள் உதாரணங்களாக வருவார்கள். இப்படி இருந்தாள், இன்ன பலன் பெற்றாள் என்று இன்னொருவர் சொல்லி முடிப்பார். மாதவையா அந்த இன்னொருவரை எடுத்துவிட்டார். தனக்கு நடந்ததை அவளே எடைபோடும்போது, ‘இது சரியா’ என்ற கேள்வியும் அவளிடமிருந்தே வருகிறது.

அந்தக் கேள்வியின் கனம் தெரியவேண்டுமானால், அன்றைய சட்டம் பிள்ளைகளின் வயதை எப்படி எண்ணியது என்று பார்க்கவேண்டும். 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டப்படி ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமில்லை. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், விவரம் தெரிந்து செய்ததா என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் குற்றத்தைப் பொறுத்தவரை பெரிய மனுஷன்தான். அதே சட்டம் பெண்ணுக்கு வைத்த இன்னொரு எண் பத்து. பத்து வயது நிரம்பிய சிறுமி ஒருவனுக்கு மனைவியாக இருந்தால், அவளைக் கட்டாயப்படுத்தினாலும் கணவன்மேல் அந்தச் சட்டத்தின் கீழ் பாலியல் குற்றம் வராது.

வங்காளத்தில் புல்மோனி என்ற சிறுமி கணவனால் மாண்டுபோன வழக்கு நாட்டையே உலுக்கிய பிறகு, 1891-ல் அந்தப் பத்தைப் பன்னிரண்டாக்கினார்கள். இரண்டே வயது. அதற்குள் மதம் போச்சு, குடும்பம் போச்சு என்று தேசமெங்கும் கூச்சல். திலகர் போன்றவர்களே எதிர்த்தார்கள். அதற்கு நான்கு வருஷம் முன்பு பம்பாயில் ரக்மாபாய் வழக்கு. பதினொரு வயதில் கட்டிவைக்கப்பட்டவர், வளர்ந்த பிறகு அந்தக் கணவனோடு வாழ மாட்டேன் என்று சொன்னதற்காக, அவனோடு போ அல்லது சிறைக்குப் போ என்று 1887-ல் கோர்ட் உத்தரவிட்டது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர்.

சட்டம் மாறியதற்கு அடுத்த வருஷம் மாதவையாவின் தொடர் வருகிறது. தேசம் முழுக்க ஒரு சிறுமியின் வயதைப் பற்றி வக்கீல்களும் பண்டிதர்களும் டாக்டர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் அவளே பேசுகிற மாதிரி எழுதத் தொடங்குகிறான். ஆண் எழுதிய பெண்குரல்தானே என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

முத்துமீனாட்சியின் முன் இருந்த முடிவு மறுமணம். அதற்குச் சட்டத்தில் தடை கிடையாது. விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. 1881-ல் ராஜமகேந்திரவரத்தில் வீரேசலிங்கம் பந்துலு ஒரு மறுமணத்தை நடத்தியும் காட்டிவிட்டார். ‘முத்துமீனாட்சி’ நூலாக வந்தபோது சட்டத்துக்கு வயது நாற்பத்தேழு. வழி திறந்துதான் இருந்தது. கைபிடித்து அழைத்துப் போக வீட்டில் பெரியவர் யாரும் கிடையாது. அன்றைய வீடுகளில் அப்பா, மாமன், புரோகிதர், சித்தப்பா என்று எத்தனையோ பேருக்குச் சட்டம் தெரிந்திருக்கும். ஆனால் ‘நம்ம வீட்டில் முதலாவதாக வேண்டாம்’ என்பார்கள். அவர்கள் தள்ளிப்போட்டது அந்தப் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது.

பையன்கள் கதை கொஞ்சம் வேறு. 1898-ல் வந்த ‘பத்மாவதி சரித்திர’த்தில் நாராயணனும் கோபாலனும் படிப்புக்காக ஊரைவிட்டுப் போகிறார்கள். பரீட்சை, நட்பு, தப்பான சகவாசம், சந்தேகம் என்று தடுமாறி நிமிர்வதற்கு அவர்களுக்குச் சில வருஷங்கள் கிடைக்கின்றன. பள்ளிக்கூடம் கொடுத்த வருஷங்கள் அவை. இன்று நாம் பதின்பருவம் என்று சொல்கிற இடைவெளி முதலில் வாய்த்தது பள்ளிக்குப் போன பையன்களுக்குத்தான். குழந்தையிலிருந்து நேரே மருமகளாகிற பெண்ணுக்கு அது கிடையாது. சாரதா சட்டம் 1929-ல் வந்து பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்கு என்று வைத்தது. அப்போது மாதவையா உயிரோடு இல்லை.

*

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். கட்டியவர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்து, அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, கல்யாணம் செய்யாமல் அதிகாரியோடு வாழ்கிறவருக்குத் தரமுடியாது என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல், கொடுத்தார். 1785-ல் அந்தக் கோயிலைப் பிரதிஷ்டை செய்ததும் அதே ஸ்வார்ட்ஸ்தான். திருநெல்வேலித் திருச்சபையின் முதல் உறுப்பினர் பட்டியல் கிளாரிந்தாவின் பெயரில்தான் தொடங்குகிறது.

இந்தப் பெண்ணைப் பற்றி மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். உடன்கட்டைச் சிதையிலிருந்து அந்த அதிகாரி அவளைக் காப்பாற்றுவது அதன் நடுநாயகமான காட்சி. சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைத் தடைசெய்தது 1830-ல்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது. மாதவையா கிறிஸ்தவராக மாறியவரில்லை. மிஷனரிகள் மேலும் அவருக்கு விமர்சனம் உண்டு. ஆனாலும் இவளைத் தேடிப்போய் எழுதினார்.

முத்துமீனாட்சியைப் படித்துவிட்டு இதைப் படித்தால் காரணம் ஓரளவு புரியும். ஒரு பக்கம் எரி என்று சொல்கிற பெரியவர்கள். இன்னொரு பக்கம், காப்பாற்றியவனோடு வாழ்ந்த குற்றத்துக்காகக் கதவை மூடுகிற பெரியவர். நடுவில் நிற்கிற இளம்பெண் செய்ததுதான் சரி என்று நாவல் அவள் பக்கம் நிற்கிறது. இரண்டு நாவல்களிலும் பரீட்சை எழுதுவது பிள்ளை, மதிப்பெண் குறைவது பெரியவர்களுக்கு.

மேல்நாட்டில் இந்த வகையை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்றும் பார்த்தேன். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் 1884-ல் வருகிறான். பதின்மூன்று, பதினான்கு வயது. அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுத்தால்தான் புண்ணியம் என்று ஊரும் சர்ச்சும் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று, காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். 1967-ல் எஸ். இ. ஹிண்டன் என்ற பெண் பதின்வயதிலேயே எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளிவந்த பிறகு அது தனி அலமாரியாகவே வளர்ந்துவிட்டது. அதிலும் இரண்டு கோஷ்டிப் பையன்கள், ஒரு கத்திக்குத்து, ஓடி ஒளிகிற இரண்டு பேர். ஆனால் அந்தப் பையன்கள் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கிறார்கள். நம்முடைய அடுத்த நாவலில் பையன் தனியாக இல்லை.

*

தாமிரபரணிப் பாசனத்தை விட்டு வடக்கே போனால் நெல்லும் வாழையும் தீர்ந்து கரிசல் தொடங்கும். கோவில்பட்டி அந்தப் பக்கம். இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை திருநெல்வேலி ஜில்லாதான். அந்த மண்ணிலிருந்து பூமணி 1982-ல் எழுதியது ‘வெக்கை’.

சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. வடக்கூரான் என்ற வசதிக்காரன் நிலத்துக்காக அவனுடைய அண்ணனைக் கொன்றிருக்கிறான். சிதம்பரம் அவனை வெட்டுகிறான். கையை மட்டும் எடுக்க நினைத்தவன், ஆள் செத்துப்போகிறான். நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அத்தியாயமே கிடையாது. அந்த ஊரில் அந்தக் குடும்பத்துக்கு யோசிக்க அவகாசம் இல்லை என்பதைப் பூமணி இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாட்கள். நாவலில் பெரும்பகுதி சோறு பொங்குவது, தண்ணீர் தேடுவது, படுக்க இடம் பார்ப்பது. அய்யா மகனைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. கூடவே நடக்கிறார். வாலிபத்தில் அவர் கையிலும் இதே போல ரத்தம் பட்டிருக்கிறது என்பதும் மெல்லத் தெரியவருகிறது. கடைசியில் இருவரும் கோர்ட்டை நோக்கிப் போகிறார்கள். யார் என்ன சாதி என்று நாவல் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டாம்.

பையன் செய்தது சரியா? நாவல் பதில் சொல்லாது. ஆனால் போலீசுக்குப் போயிருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு, அண்ணன் செத்தபோது போலீஸ் எங்கே இருந்தது என்ற கேள்வி கதைக்குள்ளேயே கிடக்கிறது. நிலத் தகராறைத் தீர்த்திருக்கவேண்டியவர்கள், கொலைகாரனைப் பிடித்திருக்கவேண்டியவர்கள், ஊரில் நாலு வார்த்தை கேட்டிருக்கவேண்டியவர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வேலை பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்கு வந்தது. முத்துமீனாட்சிக்கு நடந்ததும் இதுதான். அவளுக்கு வாழ்க்கை கிடைத்தது, இவனுக்கு வழக்கு.

2019-ல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ என்று படமாக எடுத்தார். நல்ல படம், தேசிய விருதெல்லாம் வாங்கியது. படத்தில் கதையின் பாரம் பையனிடமிருந்து தகப்பன் தோளுக்கு மாறிவிடுகிறது. காடு இருந்தால் எடுத்துக்கொள்வான், பணம் இருந்தால் பிடுங்கிக்கொள்வான், படிப்பை மட்டும் எடுக்க முடியாது என்ற பொருளில் தனுஷ் மகனுக்குச் சொல்கிற இடத்தில் தியேட்டரில் கைதட்டல். எனக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு, படித்துக்கொண்டிருக்கிற பையன்களுக்கே ஏதாவது ஆனால் என்ன சொல்வது என்று ஒரு யோசனை வந்தது.

*

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் அது நடந்தது. பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள், பதினெட்டு நிரம்பாத பையன்கள். தன்னைச் சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் பள்ளியில் புகார் சொன்னதுதான் காரணம். அவர் எடுத்த முடிவு எவ்வளவு கடினமானது என்று நாம் பேசவே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்திருப்பார். முறையான வழியில் போய்ப் பெரியவர்களிடம் சொன்னார். சிதம்பரம் செய்யாததை இவர் செய்தார்.

அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறுகளுக்கும் நெற்றிக்குறிகளுக்கும் பள்ளியில் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, ஆசிரியர்களை அவ்வப்போது இடம் மாற்றுவது என்று பல பரிந்துரைகள். கயிறு புதிய விஷயமில்லை. 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை இதுபற்றிச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் தெரியும், எந்தக் கலர் யாருக்கு என்று.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லவேண்டியிருக்கிறது. நாலைந்து மாதம் முன்பு அக்கா மகன் கையில் ஒரு கயிறு கட்டியிருந்தான். கூடப் பஸ்ஸில் வருகிற பையன்கள் கட்டிவிட்டார்களாம். “அவுத்தா சேத்துக்க மாட்டானுங்க மாமா. கட்டியிருந்தா என்கூடப் பேசிட்டு இருந்தவன் ஒருத்தன் இப்ப பேச மாட்டேங்கான். என்ன செய்ய?” என்று கேட்டான். நான் அன்றைக்கு ஏதோ அவசரத்தில் இருந்தேன். “கோயில் கயிறுன்னு சொல்லிருடே” என்றேன். நூற்று இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு சித்தப்பா சொல்லியிருக்கக்கூடிய பதில்.

‘கெடையாதுடே’ என்று சொன்னது உறுத்தியதும் அவனிடம் ‘வெக்கை’யைக் கொடுத்தேன். மூன்று நாளில் முடித்துவிட்டுக் கொண்டுவந்தான்.

“எப்படிடே இருக்கு?”

“அவன் செஞ்சது தப்புதான் மாமா. ஆனா அவன் மாட்டிக்கிடக் கூடாதுன்னே படிச்சேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்க அய்யா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காரு. சும்மா கூடவே வாராரு” என்றான்.

அவன் மணிக்கட்டில் கயிறு இன்னமும் இருந்தது, கலர் வெளுத்துப்போய். அன்றைக்கு நான் சொன்னது சரியில்லை, யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். “தெரியும் மாமா” என்றான், சிரித்துக்கொண்டே. அடுத்து என்ன சொல்வதென்று எனக்குப் புலப்படவில்லை. அவிழ்த்துவிடு என்று சொல்வது எனக்கு எளிது, நாளைக்கு அந்தப் பஸ்ஸில் ஏறவேண்டியவன் அவன்.

“நாளைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு நானும் வரட்டுமா?”

“வந்து என்ன செய்வீங்க?”

“தெரியல. கூட நிக்கேன்.”

கொஞ்ச நேரம் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு “சரி, வாங்க” என்றான்.